பிளாஸ்டிக் கதவில் பூனைக்கு ஒரு வாசல்

பின்பக்கக் கதவில் பூனைக்கு வழி விடுவது என்று முடிவானதும், முதலில் கதவின் கீழ்ப்பாதியை விரல் முட்டியால் அங்கங்கே தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் கதவு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, உள்ளே இருப்பது கதவுக்குக் கதவு வேறு. ஓட்டை போடுவது எல்லாவற்றிலும் சுலபம்தான். ஓட்டை போட்ட பிறகு உள்ளே தெரிகிற வெறுமையை என்ன செய்வது என்பதில்தான் இந்த வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது.

பொதுவாகக் கிடைப்பவை மூன்று வகை. ஒன்று, யுபிவிசி சட்டம் போட்டு நடுவில் கண்ணாடியோ பேனலோ பொருத்திய கதவு. அந்தப் பேனலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் பிளாஸ்டிக் தோல், நடுவில் நுரை. மொத்தத் தடிமன் பெரும்பாலும் 20, 24 அல்லது 28 மி.மீ. இருக்கும். தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும். இரண்டாவது, குளியலறைகளில் நிறையப் பார்க்கிற கூடு பிவிசி கதவு. மேலிருந்து கீழ்வரை நீளநீளமான வெற்று அறைகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய தடுப்புகள். தட்டினால் இடத்துக்கு இடம் சத்தம் மாறும். மூன்றாவது, உள்ளே முழுக்கக் கெட்டியாக இருக்கும் நுரைப் பிவிசி அல்லது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகை. இதில் பூனைக் கதவு வைப்பதும் மரக்கதவில் வைப்பதும் ஒன்றுதான், தனியாகச் சொல்ல எதுவும் இல்லை.

என் கதவு முதல் வகை. அதே வேலையை அப்புறம் அண்ணன் வீட்டில் இரண்டாவது வகைக் கதவில் செய்ய வேண்டி வந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சத்தத்தை மட்டும் நம்பி ரம்பத்தை எடுக்க வேண்டாம். வெட்டி எடுக்கப்போகும் சதுரத்தின் நடுவில், ட்ரில்லை மெதுவாக ஓட்டி 3 மி.மீ. பிட்டால் ஒரு சின்னத் துளை போட்டேன். எப்படியும் வெளியே போகிற துண்டுதானே. பிட்டோடு வெளியே வருவதைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். வெள்ளைச் சுருள் வந்தால் பிளாஸ்டிக் தோல். அதற்கடுத்து எதிர்ப்பே இல்லாமல் உள்ளே வழுக்கினால் நுரை அல்லது வெற்றிடம். பழுப்புத் தூள் வந்தால் நடுவில் எம்டிஎஃப் என்கிற அழுத்திய மரநார்ப் பலகை அல்லது பிளைவுட். பளபளவென்று உலோகச் சீவல் வந்தால் அலுமினியத் தகடு. சில பேனல்களில் பலத்துக்காக அப்படித் தகடு வைத்திருப்பார்கள். எனக்கு வெள்ளைச் சுருள், அப்புறம் நுரைமணிகள், மறுபடி வெள்ளைச் சுருள். நிம்மதி.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. யுபிவிசி கதவின் சட்டத்துக்குள் இரும்புப் பட்டை ஓடும். கதவின் விறைப்பே அதில்தான் இருக்கிறது. பூட்டு இருக்கும் பக்கத்துச் சட்டத்தில், கைப்பிடியைத் தூக்கினால் மேலும் கீழும் நகரும் பூட்டுக் கம்பிகளும் இருக்கும். பேனல் குறுகலாக இருக்கிறதே, சட்டத்தில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம். கீழ்ப்பாதி கண்ணாடியாக இருந்தால் அதையும் வீட்டில் வெட்ட முடியாது. டஃபன்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டப் போனால் முழுதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஓட்டையோடு புதிதாகச் செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அடுக்குமாடியில் பொது நடைபாதையைப் பார்த்த வாசல் கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்கலாம். அப்படியானால் அதில் ஓட்டையே போடக் கூடாது. வாடகை வீடாக இருந்தால், அதே தடிமனில் இன்னொரு பேனல் வாங்கி அதில் வெட்டிப் பொருத்திவிட்டு, பழையதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். காலி செய்யும்போது பேனலை மாற்றிவிட்டுப் போகலாம்.

பூனைக் கதவில் எளியது, பூனை முட்டித் தள்ளினால் ஊசலாடித் திறக்கும் மடல் மட்டும் உள்ளது. அதில் நான்கு நிலைப் பூட்டு இருந்தால் உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டும், முழுதாகப் பூட்டு என்று மாற்றிக்கொள்ளலாம். கழுத்துப்பட்டையில் காந்தம் மாட்டித் திறக்கும் வகை ஒன்று. தோலுக்கடியில் போட்டிருக்கும் மைக்ரோசிப்பைப் படித்துத் திறக்கும் வகை இன்னொன்று. தெருவில் உள்ள மற்ற பூனைகளும் விருந்துக்கு வரக்கூடும் என்பதால் நான் சிப் வகையை எடுத்தேன். சிப்பில் பேட்டரி கிடையாது. பூனை நுழைந்து போகும் சுரங்கம் போன்ற சட்டத்தைச் சுற்றி உள்ள ஆன்டெனாவின் புலத்திலிருந்து மின்சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். இப்போது பரவலாகப் போடப்படும் சிப்புகள் 134.2 கிலோஹெர்ட்ஸில் பேசும் 15 இலக்கச் சிப்புகள். பழைய பூனைக்குப் பழைய வகைச் சிப் இருக்கலாம், வாங்கும் முன் எண்ணைப் பார்த்துவிடுங்கள். முன்பே துளை போட்டுப் பார்த்ததன் இன்னொரு பலனும் இங்கேதான்: பேனலுக்குள் அலுமினியத் தகடு இருந்தால் ஆன்டெனாவின் எட்டும் தூரம் குறைந்துவிடும், பூனை தலையை உள்ளே விட்டுக் காத்துக்கொண்டிருக்கும். தகடு இருக்கிற கதவுக்கு காந்த வகையோ வெறும் மடலோதான் மேல்.

அடுத்து உயரம். இதைப் பூனையிடம்தான் கேட்க வேண்டும். அது நின்று சாப்பிடும்போது தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்தால், ஓட்டையின் கீழ்விளிம்பு அந்த உயரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வளர்ந்த பூனைக்கு அது 10 முதல் 15 செ.மீ. வரும். உயரமாக வைத்தால் ஒவ்வொரு முறையும் குதிக்க வேண்டும், வயதான பிறகு வாசலையே கைவிட்டுவிடும். இதில் இரண்டு சிக்கல். யுபிவிசி கதவின் கீழ்ச்சட்டமே அகலமானது, அதற்கு மேலேதான் பேனல் தொடங்கும். அதோடு பூனைக் கதவின் விளிம்புச் சட்டம் உட்காரவும் தட்டையான இடம் வேண்டும். பேனலில் அலங்காரத்துக்காகப் புடைப்புக் கோடுகள் இருந்தால் அவற்றின் மேல் விளிம்பு ஏறி நிற்கும், எவ்வளவு சிலிகான் அப்பினாலும் தண்ணீர் நிற்காது. எனக்கு இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், கீழ்விளிம்பு 17 செ.மீ.க்குக் குறைய வழியில்லை. சரி, உள்ளே ஒரு தாழ்வான பலகைப் படி போட்டுவிடலாம் என்று விட்டேன். வெளித்தரை உள்தரையைவிடத் தாழ்வாக இருந்தால் வெளியிலிருந்தும் அளந்து பாருங்கள், பூனை அங்கிருந்தும் ஏற வேண்டும்.

இடவலம் முடிவு செய்யும்போது பூட்டை மறக்க வேண்டாம். ஓட்டை வழியாகக் கை விட்டால் கைப்பிடிக்கோ சாவிக்கோ எட்டுகிறதா என்று பாருங்கள். கை எட்டாவிட்டாலும் கம்பி எட்டும். கீல் பக்கமாகத் தள்ளி வைத்தேன். சாவியைக் கதவிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தையும் வீட்டில் நிறுத்தியாயிற்று.

பேனலைக் கதவிலேயே வைத்து வெட்டலாம். நான் கழற்றி மேசையில் போட்டு வெட்டினேன், இனி செய்தாலும் அப்படித்தான். குனிந்து, முட்டிபோட்டு, பக்கவாட்டில் ஜிக்சாவை (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் மின் ரம்பம்) பிடித்துக்கொண்டு நேர்க்கோடு வெட்டுவது எனக்கு ஆகாது. பேனலைப் பிடித்திருப்பவை உள்பக்கத்துப் பீடிங் பட்டைகள். நீளமான பட்டையின் நடுவில் மெல்லிய பட்டிக் கரண்டியை விட்டு மெதுவாக நெம்பினால் வில்லாக வளைந்து வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால் மற்றவை சுலபம். எது எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்து வையுங்கள், திரும்பப் போடும்போது கடைசியாகக் கழற்றியதுதான் முதலில் போக வேண்டும். பீடிங் வெளிப்பக்கம் இருக்கிற கதவுகளும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய சின்னப் பொருள் ஒன்று இருக்கிறது. பேனலுக்கும் சட்டத்துக்கும் இடையில் மூலைகளில் பிளாஸ்டிக் துண்டுகள் செருகியிருக்கும். ஏதோ குப்பை என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கீல் பக்கத்துக் கீழ்மூலைக்கும் எதிர்ப்பக்க மேல்மூலைக்கும் இடையே பேனலை முட்டுக்கொடுத்து, கதவு தொங்காமல் தாங்குவது அவைதான். இடம் மாறினால் பூட்டு இருக்கும் பக்கம் தாழும், பூட்டு அதன் குழியில் உட்கார மறுக்கும். அப்புறம் பூனைக் கதவு நன்றாக இருக்கும், மனுசக் கதவு மூடாது. கழற்றும் முன்பே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பேனலை மேசையில் போட்டு, வெட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் அகலமான மாஸ்கிங் டேப் ஒட்டினேன். ஜிக்சாவின் அடித்தகடு வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இழுக்கும் கறுப்புக் கீறல் லேசில் போகாது. பெட்டியோடு வந்த காகித அச்சை அதன் மேல் ஒட்டி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். என் மாதிரிக்கு ஓட்டை 165 மி.மீ. அகலம், 171 மி.மீ. உயரம். ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு, கூட வந்த தாளையே நம்புங்கள். பேனலின் ஓரத்திலிருந்து அளக்கும்போது, பீடிங்குக்குள் மறையும் பகுதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்கு மூலைகளிலும் கோட்டுக்கு உள்பக்கமாக ஒட்டினாற்போல் 10 மி.மீ. துளை போட்டேன். பிளேடு நுழைய வழி என்பது ஒரு காரணம்தான். கூர்மையான மூலையில் பிளாஸ்டிக்கின் இழுவிசை எல்லாம் குவிந்து, நாளடைவில் அங்கிருந்து விரிசல் ஓடும். வளைவான மூலையில் அந்தப் பயம் குறைவு. குளிரில் கிடந்த பிவிசி எளிதில் விரியும் என்பதால், குளிர்காலமாக இருந்தால் பேனலை வீட்டுக்குள் சில மணி நேரம் வைத்துவிட்டு வெட்டுவது நல்லது.

ஜிக்சாவில் நெருக்கமான பல் உள்ள பிளேடு, குறைந்த வேகம், பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் பெண்டுலம் அமைப்பு பூஜ்யத்தில். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி, பிளேடு போன வழி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி முடித்துத் தட்டினால் துண்டு அசையாது. பிளேடின் நீளமும் முக்கியம். ஜிக்சாவின் ஏற்ற இறக்கம் 20 மி.மீ. சுற்றி இருக்கும். பிளேடு மேலே ஏறும்போதும் அதன் நுனி பேனலின் அடித்தோலைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இறக்கத்திலும் அடித்தோலை உள்ளிருந்து குத்தும். அது இல்லையென்றால் அடித்தோலைத் தொடவே தொடாத குட்டைப் பிளேடு. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். மூலைத் துளைகள் நேராக ஊடுருவியிருந்ததால் மறுபக்கமும் அவற்றை இணைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு தோலையும் தனித்தனியாக வெட்டினேன். நுரையில் பிளேடு வளைந்து போய்க் கீழ்க்கோடு விலகும் தொல்லை இதில் இல்லை. நடுவில் மிச்சமிருக்கும் நுரையைக் கத்தியால் அறுத்துவிடலாம்.

சூடான கத்தியால் வெண்ணெயாக வெட்டலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். பிவிசியைக் கருக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும், மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும். வேண்டாம். முகமூடியும் கண்ணாடியும் ரம்பத்துக்கே தேவை. வெட்டும்போது எழும் நிலைமின்சாரத்தால் தூளும் நுரைமணிகளும் கை, சட்டை, புருவம் வரை ஒட்டிக்கொள்ளும், துடைப்பத்தால் பெருக்கினால் இடம் மாறுமே தவிரப் போகாது. வேக்குவம் வைத்து உறிஞ்சிவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன்.

கோட்டுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ. தள்ளி அரத்தால் தேய்த்துவிட்டேன். பிவிசி வெயிலில் நன்றாகவே நீளும். ஒரு மீட்டருக்கு, வெப்பம் 40 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நம் சின்ன ஓட்டைக்கு அது அரை மி.மீ.தான். ஆனாலும் சுரங்கச் சட்டம் இறுக்கமாக முட்டிக்கொண்டிருந்தால் மத்தியான வெயிலில் மடல் உரச அது போதும்.

இப்போதுதான் வேலையே. ஓட்டைக்குள் பார்த்தால் இரண்டு மெல்லிய தோல், நடுவில் விரலால் அழுத்தினாலே அமுங்கும் நுரை. பூனைக் கதவின் உள்சட்டமும் வெளிச்சட்டமும் நான்கு போல்ட்டுகளால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்க வேண்டும். நுரையை நம்பி முறுக்கினால் தோல் உள்ளே குழியும், சட்டம் முறுகும், மடல் உரசும். முறுக்காமல் விட்டால் ஆடும். கூட வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அது மரக்கதவை மனதில் வைத்து எழுதியது.

ஓட்டையைச் சுற்றி நுரையை 25 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தேன். அந்த இடைவெளிக்கு நுரைப் பிவிசி ஷீட்டைப் பட்டைகளாக வெட்டி, அடுக்கி, செருகினேன். மரப்பட்டையும் வைக்கலாம், ஆனால் ஈரம் குடித்து உப்பும். பட்டை விரலால் தள்ளினால் போகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் வெளித்தோல் புடைத்துக்கொள்ளும். போல்ட்டுகள் இந்தப் பட்டைகள் வழியாகப் போகின்றன, அதனால் எவ்வளவு இறுக்கினாலும் தாங்குவதற்கு உள்ளே கெட்டியாக ஒன்று இருக்கிறது. ஓட்டையின் சுற்றுச்சுவரும் மூடிவிடுவதால் மழைத்தண்ணீர் நுரைக்குள் போக வழியில்லை.

ஒட்டுவதற்கு நியூட்ரல் சிலிகான். வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிகான் பிவிசியில் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது, ஸ்க்ரூக்களையும் அரிக்கும். பைப் ஒட்டும் பசையை இந்த வகைப் பேனலில் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. நுரை தெர்மாகோல் வகையாக இருந்தால் அது கண்ணெதிரே கரைந்து காணாமல் போகும். விரிவடையும் ஸ்ப்ரே நுரையும் வேண்டாம், காய்ந்துகொண்டே உப்பி, தோலை வெளியே தள்ளும். ஒட்டும் முன் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தின்னரும் அசிட்டோனும் பிவிசியையே இளக்கிப் பளபளப்பைக் கெடுக்கும்.

அண்ணன் வீட்டுக் கூடு கதவில் இதே கட்டம் வேறு மாதிரி போனது. அந்தக் கதவில் பேனல் என்று தனியாக இல்லை, கதவையே கீலிலிருந்து கழற்றிப் படுக்கப் போட்டோம். வெட்டி முடித்ததும் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, உள்ள வெறும் குழாயா இருக்கு? எறும்பு குடித்தனம் வந்துருமே" என்றார். சரியான கேள்வி. ஒவ்வொரு அறையும் மேலிருந்து கீழ்வரை திறந்த குழாய்தான். எறும்பு மட்டுமா, தண்ணீரும் இறங்கும். பக்கவாட்டில் பட்டை வைப்பது சுலபம், அறைக்குள் நெடுக்காகச் செருகினால் போதும். மேலும் கீழும்தான் கஷ்டம். பட்டை குறுக்கே போக வேண்டும், ஆனால் வழியில் தடுப்புகள். மூக்கு நீண்ட குறடால் ஒவ்வொரு தடுப்பையும் 25 மி.மீ. ஆழத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தேன். அவசரப்பட்டு முறுக்கினால் தடுப்போடு வெளித்தோலும் கிழியும் என்பதால், முதலில் கத்தியால் வேரில் கீறிவிட்டுத்தான் குறடு.

இந்தக் கதவில் நுரை இல்லாததால் பைப் பசையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். பிவிசியோடு பிவிசி நன்றாகவே இணையும். ஆனால் தோல் மெல்லியது, பசை அதிகமானால் அது இளகி, வெளியே அலையலையாகத் தெரியும். பட்டையின் மேல் மெல்லிசாகத் தடவினால் போதும். கதவின் உச்சியில் அறைகளை மூடும் மூடி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்து, விட்டுப்போன இடத்தில் சிலிகான் போட்டோம். கதவின் அடிப்பக்கத்தை அடைக்கவில்லை. எப்படியோ உள்ளே போகும் ஈரம் எங்காவது வெளியேற வேண்டும் அல்லவா?

மற்றது சீக்கிரம் முடிந்தது. சுரங்கத்தோடு உள்ள சட்டத்தைச் செருகி, ரசமட்டம் வைத்து, மறுபக்கச் சட்டத்தைப் பொருத்தி, போல்ட்டுகளைக் கையால் ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்கினேன். பவர் ஸ்க்ரூடிரைவர் இந்த இடத்துக்கு வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் மடலை விரலால் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். ஊசலாடி, கீழே உள்ள காந்தத்தில் நடுவாக வந்து நின்றால் சரி. ஒரு பக்கம் உரசினால், எதிர்மூலைப் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். போல்ட் நீளமாக இருந்தால் ஆக்சா பிளேடால் வெட்டும் முன் நட்டைப் போட்டுவிட்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகு நட்டைக் கழற்றினால் மரை சரியாகிவிடும். வெளிப்பக்கம் மேல்விளிம்பிலும் இரு பக்க விளிம்புகளிலும் சிலிகான் கோடு இழுத்தேன். கீழ்ப்பக்கத்தை விட்டுவிட்டேன், அது தண்ணீர் வடியும் வழி. சிலிகான் நாளொன்றுக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் காயும். அதன் வாடை அடங்கும்வரை பூனையை அந்தப் பக்கம் விடவில்லை.

பூனைக்குப் பழக்குவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மடலை டேப்பால் மேலே தூக்கி ஒட்டி, சில நாள் வெறும் ஓட்டையாகவே விட்டால் போகவர ஆரம்பிக்கும். அப்புறம் டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால், தலையால் முட்டித் தள்ளக் கற்றுக்கொள்ளும். பிடித்துத் தள்ளி நுழைக்காதீர்கள், ஒரு தடவை பயந்துவிட்டால் ரொம்ப நாளைக்கு வன்மம் வைக்கும். சிப் வகையில், பூட்டு திறக்கும் 'டிக்' சத்தத்துக்குத்தான் எங்கள் பூனை மிரண்டது. சிப்பைப் பதிவு செய்த பிறகும் டேப் போட்டபடியே சில நாள் விட்டதில், சத்தம் பழகிவிட்டது.

பேட்டரி சாதா ஆல்கலைன் போதும். ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட்தான் தரும், பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கருவி சீக்கிரமே சிவப்பு விளக்கைக் காட்டலாம். கீழே உள்ள காந்தத்தில் மண்ணிலிருக்கும் இரும்புத்தூள் மீசையாக ஒட்டும். மடல் அரைகுறையாக நிற்க ஆரம்பித்தால் முதலில் அதைத்தான் பாருங்கள், ஒரு துண்டு டேப்பை ஒட்டி இழுத்தால் வந்துவிடும். முதல் வெயில் காலம் முடிந்ததும் போல்ட்டுகளை ஒரு சுற்று பார்த்தேன். என் கதவில் இறுக்கம் அப்படியே இருந்தது. அண்ணன் வீட்டில் மேல் போல்ட் இரண்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தன, கால் சுற்று முறுக்கியதும் சரியாகிவிட்டது.